சில ஊருணிகள் வற்றட்டும்

கோடை முற்றியதும் சிவகங்கை மாவட்டத்தில் ஊருணிகளைத் தூர்வாரும் பேச்சு தொடங்கிவிடும். வேலை முடிந்து வெளியாகும் படங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கும். நான்கு பக்கமும் நூல் பிடித்து வெட்டிய கரை, அதன்மேல் சிமெண்டுச் சுவர், சுற்றிலும் கம்பிவேலி, நடைப்பயிற்சிக்கு பேவர் கல் பதித்த பாதை, நடுவே கண்ணாடி போலத் தண்ணீர். நேற்றுவரை குப்பைமேடாகக் கிடந்த இடம் இப்படி மாறினால் யாருக்கும் மனம் நிறையும். ஆற்று நீர் எட்டாமல் வானத்தையே நம்பியிருக்கும் செட்டிநாட்டில் ஒரு குடம் நீரைத் தேக்குவதும் நல்ல காரியம்தான். ஆனால் நீர் நின்றால் போதும், உயிர்கள் தாமாக வந்து சேர்ந்துவிடும் என்றொரு நம்பிக்கை இந்தப் படங்களுக்குப் பின்னால் இருக்கிறது. அந்த நம்பிக்கை பாதி உண்மை. நீரும் தரையும் மாறி மாறி வரும் இடத்தில் மட்டுமே வாழும்படி உடம்பும் இனப்பெருக்கமும் அமைந்த உயிர்கள் இருக்கின்றன. செங்குத்துச் சுவர் எழுப்பி, மீன் விட்டு, ஆண்டு முழுதும் நீர் நிற்கும்படி ஆழப்படுத்திய குளம் அவற்றுக்கு வீடாக இருக்காது. ஆகவே ஊருக்கு ஒரு குட்டையாவது, ஓர் ஊருணியாவது மண் கரையோடும் மீன் விடாமலும் கோடையில் தானே வற்றும்படி விடப்பட வேண்டும் என்கிறேன். தண்ணீருக்குத் தவிக்கும் சீமையில் இப்படிச் சொல்வது முரணாகத் தோன்றும். உலகின் மூன்று இடங்களில் சாலமாண்டர் என்ற விலங்குக்கு நேர்ந்ததைப் பார்த்தால் அந்த முரண் தீரும்.

சாலமாண்டரைத் தமிழ்நாட்டில் காண முடியாது. பார்க்கப் பல்லிபோல் இருந்தாலும் அது பல்லியினம் அல்ல. செதில் இல்லாத, எப்போதும் ஈரம் காக்க வேண்டிய தோலுடைய, தவளையின் உறவினம். தவளைக்கு வளர்ந்தபின் வால் சுருங்கி மறைந்துவிடும். சாலமாண்டருக்கு வால் கடைசிவரை இருக்கும். அது வடக்குக் கண்டங்களில் தோன்றிப் பரவிய குலம். தென்னிந்திய நிலமோ பழைய கோண்டுவானாவிலிருந்து பிரிந்து வந்தது. அந்த நிலம் சுமந்து வந்தவை தவளைகளும், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமண்ணில் புழுப்போல் நெளியும் காலில்லாத இருவாழ்விகளும். தவளையும் சாலமாண்டரும் ஒரே நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவை. முட்டைக்கு ஓடு கிடையாது. தோல் வழியாகவே நீரும் காற்றும் ஓரளவு நஞ்சும் உடலுக்குள் போகும். பிள்ளைப்பருவம் தண்ணீரில், வளர்ந்த பருவம் பெரும்பாலும் தரையில். இரண்டு வீடுகளில் எது இடிந்தாலும் குலம் முடிந்தது. 2023இல் வெளியான உலக மதிப்பீடு 8,011 இருவாழ்வி இனங்களை ஆராய்ந்து, ஐந்தில் இரண்டு அழிவின் அபாயத்தில் இருப்பதாகச் சொன்னது. சாலமாண்டர்களை மட்டும் எடுத்தால் ஐந்தில் மூன்று. பறவைகளையும் பாலூட்டிகளையும்விட மோசமான நிலை இது. இதைப் பற்றிய செய்தி புலியின் எண்ணிக்கை பெறும் இடத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பெறுவதில்லை.

இந்தியாவில் சாலமாண்டர் வாழ்வது இமயத்தின் கிழக்குப் பகுதியில். டார்ஜிலிங் மலைகளில் இருக்கும் விலங்கை ஒன்றரை நூற்றாண்டாக அறிவியல் வேறொரு பெயரில் அழைத்துவந்தது. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஜான் ஆண்டர்சன் 1871இல் சீனத்து யுன்னானிலிருந்து விவரித்த இனத்தோடு இதையும் சேர்த்திருந்தார்கள். கிழக்கு நேபாளத்தின் இலாம் பகுதியில் நடந்த ஆய்வுக்குப் பிறகு, 2015இல்தான் இமயச் சாலமாண்டர் தனி இனமென்று பிரிக்கப்பட்டது. பெயர் மாற்றம் வெறும் ஏட்டு விவகாரமல்ல. பரந்த நிலப்பரப்பில் வாழும் ஓர் இனம் என்று எண்ணியிருந்தது, சில மலைச்சரிவுகளுக்குள் அடங்கிய சிறிய இனமாகிவிட்டது. இது கோடைமழை தொடங்கும்போது குளத்துக்கு இறங்கும். நீர்ச்செடிகளில் முட்டையிடும். குஞ்சுகள் கழுத்தோரம் சிறகு போன்ற செவுள்களோடு பருவமழைக் காலம் முழுவதும் நீரில் வளர்ந்து, மழை ஓய்கையில் செவுளை இழந்து கரையேறும். குளிர்காலம் முழுவதும் கல்லுக்கடியிலும் உளுத்த மரத்துக்கடியிலும் சருகுக்குள்ளும் அசையாமல் கிடக்கும். அதாவது ஆண்டில் பாதிக்கு நெருக்கமான காலம் அந்த விலங்கு குளத்தில் இல்லை. குர்சியாங் பக்கத்து நாம்திங் போக்ரி போன்ற நீர்நிலைகள் குளிர்காலத்தில் வறண்டு மைதானமாகிவிடும். அந்த வறட்சியை ஒரு குறையாக நினைப்பவர்கள் அதன் பயனைக் கவனிப்பதில்லை. வறண்டுபோகும் குளத்தில் பெரிய மீன் நிலைக்காது. மீன் இல்லாத நீரில்தான் மெல்ல நீந்தும் சாலமாண்டர் குஞ்சு தப்பிப் பிழைக்கும்.

இந்த விலங்குக்காகவே டார்ஜிலிங்கில் சுகியா போக்ரிக்கு அருகே ஜோர்போக்ரி என்ற இரட்டைக் குளத்தைச் சுற்றி 1985இல் ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு நான்கு ஹெக்டேர். ஏறக்குறைய பத்து ஏக்கர். நாட்டின் மிகச் சிறிய சரணாலயங்களில் ஒன்று. சுற்றுலா விடுதியும் அங்கேயே வந்தது. அறிவித்தவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தக் கோட்டை வரைந்த கை நீரைச் சுற்றித்தான் வரைந்திருக்கிறது. விலங்கு குளிர்காலத்தைக் கழிக்கும் காடும் தேயிலைச் சரிவும் சருகு மெத்தையும் கோட்டுக்கு வெளியே. டார்ஜிலிங் மலைகளில் எத்தனையோ சிறு குளங்கள் நிரப்பப்பட்டும் வடிக்கப்பட்டும் போயின. சிலவற்றில் மீன் விட்டார்கள். தேயிலைத் தோட்டத்து மருந்து நீரோடு கலந்து சிலவற்றுக்கு வந்தது. 2019இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் இமயச் சாலமாண்டரின் பேரினம் முழுவதையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தன. அது செல்லப்பிராணி வணிகத்தைக் கட்டுப்படுத்தும். ஒரு குட்டைக்குள் மண் கொட்டும் லாரியைத் தடுக்காது.

அமெரிக்காவின் தென்கிழக்கில், புளோரிடா, ஜார்ஜியா மாநிலங்களின் பைன் காடுகளில் வாழும் ஒரு சாலமாண்டர் இந்த வாதத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. அது முட்டையிடுவதே காய்ந்த குளத்தில்தான். மழைக்கு முன்பே, நீரில்லாத பள்ளத்தின் புல் தூர்களுக்கிடையே தாய் முட்டைகளை வைத்துவிட்டு நகரும். மழை வந்து பள்ளம் நிறையும்போது முட்டை பொரியும். அடுத்த மூன்று நான்கு மாதம் நீர் நிற்க வேண்டும்; அதற்குப் பிறகு வற்றலாம். குளம் முன்கூட்டியே நிறைந்திருந்தால் முட்டையிட இடமில்லை. மழை பிந்தினால் முட்டை காய்ந்துபோகும். புல் போய்ப் புதர் மண்டினாலும் கதை முடிந்தது. நல்ல மனதோடு யாரேனும் அந்தப் பள்ளத்தை ஆழப்படுத்தி ஆண்டு முழுதும் நீர் நிறுத்தினால், ஒரே பருவத்தில் அந்தக் குளத்துக் குடியை அழித்தவர்களாவார்கள். இன்று அந்நாட்டுச் சட்டத்தில் அழிந்துவரும் விலங்கு என்ற பாதுகாப்பு அதற்கு இருக்கிறது. வற்றுவது ஒரு குளத்தின் நோயாக எப்போதும் இருப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது சாட்சி மெக்சிகோ நகரத்தின் தெற்கே இருக்கும் சோச்சிமில்கோ. அதன் கதை நம் ஊருக்கு மிக அருகில் வந்து முடிவதால் அதில் சற்று நிற்க வேண்டும். அங்குள்ள வாய்க்கால்களில் வாழும் அக்சலாட்டல் என்ற சாலமாண்டர் வாழ்நாள் முழுதும் குஞ்சுப் பருவத்துச் செவுள்களோடு நீரிலேயே இருப்பது. வெட்டுண்ட காலை எலும்பும் தசையும் நரம்புமாக மறுபடி வளர்த்துக்கொள்ளும். இதயத்தின் பகுதியையும் தண்டுவடத்தையும்கூடச் சரிசெய்துகொள்ளும். 1864இல் 34 அக்சலாட்டல்கள் பாரிசுக்குக் கொண்டுபோகப்பட்டன. உலகின் ஆய்வுக்கூடங்களில் இன்று வளரும் எண்ணற்ற அக்சலாட்டல்களில் பெரும்பகுதி அந்தச் சிலவற்றின் வழித்தோன்றல். அதன் மரபணுத் தொகுதி 2018இல் முழுமையாகப் படிக்கப்பட்டபோது மனிதனுடையதைவிடப் பத்து மடங்கு பெரிதாக இருந்தது. மெக்சிகோவின் ஐம்பது பேசோ நோட்டில் அதன் படம் இருக்கிறது. உலகம் முழுதும் கண்ணாடித் தொட்டிகளில் அது நீந்துகிறது. சொந்த நீரிலோ, 1998இல் சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6,000 என்று கணக்கிடப்பட்டது 2014இல் 36ஆகக் குறைந்துவிட்டது. சோச்சிமில்கோவின் வாய்க்கால்கள் வற்றிவிடவில்லை. இன்றும் வண்ணப் படகுகளில் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். தண்ணீர் இருக்கிறது, தண்ணீருக்குரிய உயிர் போய்க்கொண்டிருக்கிறது.

நகரத்தின் கழிவு ஒரு காரணம். இன்னொரு காரணம் மீன். 1970, 80களில் மக்களுக்கு மலிவான புரதம் கிடைக்க வேண்டும் என்ற நியாயமான நோக்கத்தோடு அந்த வாய்க்கால்களில் திலேப்பியாவும் கெண்டையும் விடப்பட்டன. அவை முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. அடியைக் கலக்கி, செடிகளைப் பிடுங்கி, இரையையும் பங்கிட்டுக்கொண்டன. இப்போது மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் சாம்பிரானோவும் அவருடைய குழுவினரும் அந்த ஊர் விவசாயிகளோடு சேர்ந்து, பழைய மிதவைத் தோட்டங்களை ஒட்டிய வாய்க்கால்களின் வாயில் வடிகட்டித் தடுப்பு வைத்து, மீன் நுழையாத சிறு புகலிடங்களை உண்டாக்கிவருகிறார்கள். வளர்ப்பில் பிறந்த 18 அக்சலாட்டல்களைச் சீரமைத்த நீர்நிலைகளில் விட்டுக் கண்காணித்ததில் அவை தாமே இரை தேடிப் பிழைத்தன என்ற முடிவு 2025இல் வெளியானது. கவனிக்க வேண்டியது, அவர்கள் ஏரி முழுவதையும் மீட்கப் புறப்படவில்லை. மீன் இல்லாத சிறிய நீரை, அங்கே பயிர் செய்பவரின் ஒத்துழைப்போடு, ஒன்றொன்றாகத் திரும்பப் பெறுகிறார்கள்.

அந்தத் திலேப்பியா வகையைத்தான் நாம் ஜிலேபி கெண்டை என்கிறோம். 1952இல் அது முதன்முதலாக இந்தியாவுக்குள் வந்து இறங்கிய இடம் மண்டபம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதைக் கொண்டுவந்தது. காரைக்குடியிலிருந்து ஒரு பகல் பொழுதில் போய்த் திரும்பக்கூடிய தூரம். அங்கிருந்து ஆறு, ஏரி, கண்மாய், ஊருணி என்று அது பரவாத தண்ணீர் தமிழ்நாட்டில் குறைவு. அதே மலிவான புரதம் என்ற காரணம், அதே வேகமான பெருக்கம். மெக்சிகோவில் அது எதைத் தின்றது என்று அளந்து சொல்ல ஒரு புகழ்பெற்ற விலங்கு இருந்தது. அதனால் உலகம் கவனித்தது. செட்டிநாட்டுக் குட்டைகளில் அது தின்னும் தலைப்பிரட்டைக்குக் கணக்கெழுதுவார் இல்லை.

நம் தவளைகளைப் பற்றிப் பேசுவோம். மாசியிலிருந்து ஆவணிவரை இந்தச் செம்மண் பொட்டலில் நடப்பவருக்குத் தவளை என்ற ஒன்று இங்கே வாழ்கிறது என்றே தோன்றாது. அவை காலடியில் இருக்கின்றன. பந்துபோல் உடம்பை உப்பிக்கொள்ளும் குண்டுத் தவளையும், பின்னங்காலில் மண்வெட்டி போன்ற முனை கொண்ட குழிபறிக்கும் தவளையும் ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிப்பவை. நுணல் என்று தமிழ் சொல்வது இவற்றைத்தான் என்று கருத இடமிருக்கிறது. மணலில் புதைந்து கிடக்கும் நுணலைப் பழமொழி நானூறு பேசுகிறது. கறையானும் எறும்பும் இவற்றின் முக்கிய இரை. பர்மாத் தேக்கில் கதவும் உத்தரமும் இழைத்த ஊர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே இவற்றுக்கு நன்றி சொல்லலாம். முதல் கனமழையில் அவை மேலே வரும். ஆண் தவளைகள் கூவும், ஓரிரு இரவில் முட்டையிடல் முடிந்துவிடும். பிறகு தலைப்பிரட்டைக்கு இருப்பது சில வாரம்தான். நீர் வற்றுமுன் கால் முளைத்துக் கரையேற வேண்டும். ஏரித் தவளையோ மஞ்சள் நிறம் ஏறி, தொண்டையில் நீலப் பைகள் புடைக்கக் கத்தும். மரத்தவளை நீருக்கு மேலே தொங்கும் கிளையிலோ சுவரிலோ நுரைக்கூடு கட்டும். குஞ்சுகள் அதிலிருந்து நீரில் சொட்டி விழும். ஒவ்வொன்றுக்கும் வேண்டியது வேறு வேறு. ஆழம் குறைந்த ஓரம், கோரையும் புல்லும், மீன் எட்டாத மூலை, ஏறிவரச் சரிவு, ஏறியபின் புதைய இளகிய மண் என்று எல்லாம் சேர்ந்தால்தான் ஊர் முழுதும் மழை இரவில் கேட்கும் அந்தச் சத்தம் உண்டாகும்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன படத்தை மறுபடி பார்க்கலாம். செங்குத்தான வழுவழுப்புச் சுவரில் மரத்தவளை ஏறிவிடும், அதன் விரல் நுனி அதற்கென்று அமைந்தது. தேரைக் குஞ்சும் குழித்தவளைக் குஞ்சும் ஏறாது. வால் சுருங்கி நுரையீரல் வேலை செய்யத் தொடங்கிய பின் கரை கிடைக்காவிட்டால் அவை சுவரோரத்தில் சோர்ந்து சாகும். ஏறிவந்தாலும் எதிரே பேவர் கல். பொக்லைன் எந்திரம் அடியிலிருந்து கரைவரை ஒரே மூச்சில் வழித்தெடுக்கும்போது புல்லும் கோரையும் போவதோடு, மண்ணுக்குள் உறங்கும் தவளைகளும் கரம்பையோடு சேர்ந்து டிராக்டரில் ஏறிவிடுகின்றன. கடைசியில், ஆழப்படுத்தி நீர் நின்றதும் மீன்குஞ்சு வாங்கி விடுவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

நம் முன்னோர்களே ஊருணிக்குக் கல் கட்டினார்களே என்று செட்டிநாட்டில் ஒருவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். செம்புராங்கல் அடுக்கிய சுவரும் இறங்கப் படித்துறையும் கொண்ட ஊருணிகள் இந்த ஊர்களின் பெருமை. கூரைநீர் முற்றத்தில் விழுந்து, தெருவின் வடிகால் வழியே ஊருணிக்குப் போகும்படி வகுத்த அமைப்பும் சேர்ந்துதான் 2014இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெறச் செய்தது. ஆனால் அந்தக் கட்டுமானத்துக்கும் இன்றைய வேலைக்கும் இரண்டு வேறுபாடுகள். செம்புராங்கல் துளையும் பொந்தும் நிறைந்த கல். இடுக்கில் செடி வேர்விடும், தேரை ஒண்டும், படித்துறை குஞ்சு ஏறிவர வழியாகும். அதைவிடப் பெரியது மற்றொன்று. கல் கட்டிய ஊருணி ஊருக்குள் ஒன்றிரண்டு. அதற்கு வரும் வரத்துக்கால் மண். ஊரைச் சுற்றி மாடு குளிக்கும் குட்டையும் ஏந்தலும் கண்மாய்ப் பள்ளமும் மண் கரையோடு கிடந்தன. குடிநீர் ஊருணி தூய்மையாக இருந்தது, தவளைக்கு வேறு தண்ணீர் இருந்தது. இன்று வெளியே இருந்த குட்டைகள் மனையாகிவிட்டன. எஞ்சியவற்றையும் ஊருணி போலக் கட்டிவிடுகிறோம். முன்னோர் வழி என்றால் அந்தப் பல்வகைத் தண்ணீரைத்தான் பின்பற்ற வேண்டும்.

மனிதருக்குக் குடிநீர் முக்கியமா, தவளை முக்கியமா என்ற கேள்வியும் வரும். மனிதருக்குத்தான் முன்னுரிமை, இதில் எனக்கு மயக்கமில்லை. குடிநீருக்கென்று இருக்கும் ஊருணியைத் தூர்வாரி, வேலியிட்டு, தூய்மையாக வைக்கத்தான் வேண்டும். மதுரையின் தானம் அறக்கட்டளை போன்றவை நெடுங்காலமாக இந்த வட்டாரத்தில் ஊருணிகளை மீட்க உழைத்துவருவது போற்றத்தக்கது. நான் கேட்பது குடிநீருக்குப் பயன்படாத சிறு நீர்களை. அவை கோடையில் வற்றினாலும் மழைக்காலத்தில் நிலத்தடிக்கு நீர் இறக்கும் வேலையைச் செய்துவிட்டே வற்றுகின்றன. அடியும் பக்கமும் சிமெண்டு பூசினால் அந்த வேலையும் கெடும். இங்கே தவளையின் தேவையும் கிணற்றின் தேவையும் ஒன்றே.

மீன் விடாவிட்டால் கொசு பெருகும் என்ற அச்சம் மெய்யானது, அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. கொசுப்புழு தின்ன என்று கம்பூசியா மீனை 1928இலேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது தலைப்பிரட்டையையும் தவளை முட்டையையும் விட்டுவைப்பதில்லை. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளர்வது வீட்டுத் தொட்டியிலும் டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும். நகரத்து மலேரியாக் கொசுவுக்கு மேல்நிலைத் தொட்டியும் கிணறும் போதும். சாக்கடையில் பெருகுவது இன்னொரு வகை. உயிரோட்டமுள்ள மழைக்குட்டையில் தும்பியின் இளம்புழு, நீர்வண்டு, மல்லாந்து நீந்தும் பூச்சி என்று கொசுப்புழுவுக்குப் பகைவர் பலர். ஏரித் தவளையின் தலைப்பிரட்டையே ஊன் தின்பது. கழிவுநீர் கலந்து, இந்தப் பகைவர்கள் செத்துப்போன குட்டைதான் கொசுப்பண்ணை. அதைத் தடுக்க வழி சாக்கடையைத் திருப்புவது. அதன் பிறகும் மீன் வேண்டுமென்றால், மழைநீரோடு தானே ஏறிவரும் நாட்டு மீன்கள் இருக்கின்றன. அவற்றோடு தவளைகள் நெடுங்காலமாகச் சேர்ந்து வாழ்ந்தவை.

மீன்பாசி ஏலம் ஊராட்சிக்கு வருமானம் என்பது வலுவான மறுப்பு. கண்மாய் மீன்பிடியை நிறுத்தச் சொல்வது நியாயமாகாது. பங்குனி, சித்திரையில் கண்மாயில் மீன்பிடித் திருவிழாவுக்கு ஊரே இறங்குவது இந்த மண்ணின் வழக்கம். பெரிய கண்மாய்கள் அப்படியே இருக்கட்டும். ஒரு ஏக்கருக்கும் குறைந்த, நான்கைந்து மாதமே நீர் நிற்கும் குட்டைக்கு ஏலத்தொகை எவ்வளவு வந்துவிடப்போகிறது? அத்தகையவற்றை மட்டும் ஏலப் பட்டியலிலிருந்து நீக்கலாம். அதோடு, 2000ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடைசெய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியை எந்த நீரிலும் விடாமல் தடுப்பது புதிய சட்டம் எதையும் கேட்கவில்லை; இருக்கும் தடையை நடைமுறைப்படுத்தினால் ஆயிற்று.

இவை சாதாரணத் தவளைகள்தானே, அழிவின் விளிம்பில் இல்லையே என்பவருக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் உண்டு. அக்சலாட்டல் ஒரு காலத்தில் மெக்சிகோவில் சந்தையில் விற்று உண்ணும் அளவுக்குச் சாதாரணம். நம் ஏரித் தவளையின் கால்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. 1987இல் ஏற்றுமதியைத் தடைசெய்ய வேண்டிவந்தது. சிவகங்கைக்கு அடுத்த விருதுநகர் மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் மண்ணுக்குள் வாழும் ஊதாத் தவளை ஒன்று 2017இல்தான் அறிவியலுக்குத் தெரியவந்தது. அதற்கு மறைந்த ஊர்வன ஆய்வாளர் சு. பூபதியின் பெயரைச் சூட்டினார்கள். டார்ஜிலிங் சாலமாண்டருக்கு 2015இல் நடந்ததுபோல, சமவெளித் தவளைகளிலும் ஒன்று என எண்ணியது இரண்டு மூன்றாகப் பிரிந்துவருகிறது. நெருக்கடி என்று பட்டியல் அறிவிக்கும்வரை காத்திருந்து, பிறகு கண்ணாடித் தொட்டியில் வளர்த்துக் காப்பதற்கு அக்சலாட்டல் ஒரு எச்சரிக்கை. தொட்டியில் கோடி இருந்தாலும் வாய்க்காலில் இல்லாத உயிர் அந்த வாய்க்காலுக்கு உதவாது.

சட்டத்தின் கை இங்கே நீளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளைத் தம் வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. ஊருணியும் கண்மாயும் மனிதர் வெட்டியவையே. ஆகவே தென்மாவட்டங்களின் நீர்ப்பண்பாடு முழுவதும் ஒரு வரியில் வெளியே நிற்கிறது. இது திருத்தப்பட வேண்டிய பிழை. அதுவரை ஊராட்சிகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டையும் தந்திருக்கிறது. அதே சட்டத்தின் கீழ்தான் பக்கத்து மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி, தன் குன்றுகளோடும் நீர்நிலைகளோடும் 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அழகப்பா பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் ஐப்பசி இரவுகளில் கைபேசியோடு குட்டைக் கரைக்குப் போய்த் தவளைக் குரல்களைப் பதிவுசெய்து கொடுத்தால், பதிவேட்டின் அந்தப் பக்கங்கள் இரண்டு மழைக்காலத்தில் நிரம்பும்.

மக்கள் இதற்கெல்லாம் இணங்குவார்களா என்ற ஐயம் இந்த மாவட்டத்தில் எழவே கூடாது. திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே, கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. அந்தக் கொக்கும் நாரையும் குஞ்சுக்கு ஊட்டும் இரையில் தவளையும் உண்டு. பறவைக்காக ஒரு பண்டிகையின் ஓசையை விட்டுக்கொடுத்த மாவட்டத்திடம், பறவையின் இரைக்காக ஒரு குட்டையின் கரையைக் கேட்பது பெரிய கோரிக்கையல்ல.

தூர்வாரும் ஒப்பந்தங்கள் எழுதப்படுவது கோடையில். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை முடியும். அந்த மதிப்பீட்டுத் தாளில் சில வரிகள் சேர்ந்தால் போதும். நான்கு கரைகளில் ஒன்றுக்குச் சுவர் வேண்டாம், மாடு இறங்கும் அளவுக்குச் சரிவாக விடுக. அந்தக் கரையின் புல்லையும் மரத்தையும் அதையொட்டிப் பத்தடி மண்ணையும் எந்திரம் தொட வேண்டாம். ஓர் ஆண்டில் பாதிக் குளம், மறு ஆண்டில் மறுபாதி என்று தூர் எடுக்கவும். குடிநீருக்கல்லாத சிறு குட்டையில் மீன்குஞ்சு விட வேண்டாம். இவற்றில் எதற்கும் கூடுதல் பணம் ஆகாது. ஒரு பக்கத்துச் சுவருக்கான சிமெண்டு மிச்சம்.